வானொலி விளம்பரத்தின் இரண்டு கண்கள்

மாண்ட்ரியலில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை செய்தார் அந்த யாழ்ப்பாணத்து அக்கா. நரைத்த ஒற்றைப் பின்னல். எந்தப் படமானாலும் கையில் ஏந்தி ரசித்த பிறகே அளப்பார். அன்று நான் கொடுத்தது ஐம்பதுகளின் வானொலி விளம்பரச் சுவரொட்டி: கறுப்புத் தலை, அதில் இரண்டு கண்கள் மட்டும். பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“என்ன ஆச்சு அக்கா?”

“அங்க ஊரில ஆமி எங்களை வரிசையில நிப்பாட்டும், தம்பி. முகத்தை மூடின ஒருத்தன் வருவான், கண் மட்டும்தான் தெரியும். அவன் தலையாட்டினா ஆளைக் கொண்டுபோவாங்கள். என்ர அண்ணையைப் பாத்துத் தலையாட்டினான். அண்ணை பேந்து திரும்பி வரேல்லை.”

“அது யாருன்னு தெரிஞ்சுதா?”

“இல்லை. இங்க பனிக்காலத்தில எல்லாரும் அப்பிடித்தானே கடைக்குள்ள வருகினம்.”

இத்தனை பனிக்காலங்களை எப்படித்தான் கடந்தாரோ! வெளியே கடும் குளிர். மூக்குவரை இழுத்த மஃப்ளரைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, கடைச் சன்னலைத் தாண்டும்வரை வெறும் முகத்தோடு நடந்தேன்.