முன் டயரும் என் கையும்

என் மாமனார் வீட்டில் ஒரு மனிதனை எடைபோட முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அவன் ஓட்டிவந்த வண்டியின் முன் டயரைப் பார்ப்பார்கள். நாமக்கல்லுக்குப் பக்கத்து ஊர், தெருவுக்கு நாலு லாரி நிற்கும். மாமனார் முப்பது வருஷம் வடக்கே லாரி ஓட்டியவர். பிறகு சொந்தமாக மூன்று லாரி வைத்திருந்தார். என் கல்யாணம் முடிந்த கையோடு மூன்றையும் விற்றுவிட்டு, தெருவில் மற்றவர்கள் வண்டியைத் திருப்பும் லட்சணத்தைக் குறைசொல்வதை முழுநேர வேலையாக வைத்துக்கொண்டார். நான் ஆட்டையாம்பட்டிக்காரன். எங்கள் வீட்டில் இரண்டு சக்கரத்துக்கு மேல் எதுவும் இருந்ததில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியேறிய பிறகு ஒரு சின்ன கார் வாங்கினேன். வாங்கியது நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக அதை நம்புவது உங்களுக்கே கஷ்டமாக இருக்கும்.

வினை ராசிபுரத்தில் ஒரு கிடா விருந்தில் ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த மாமனார், நேராக என் காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய் அதையும் தடவினார். பின் டயரில் பட்டன், அதாவது ரப்பரின் மேல்வரி, புதுசு மாதிரி இருந்தது. முன் டயர் கிட்டத்தட்ட மொட்டை.

"ஏனுங்க மாப்ள, வண்டி நின்ன எடத்துலயே ஸ்டேரிங்க ஒடிப்பீங்களா?"

"எப்பவாவது ஒடிப்பேன் மாமா."

"பிரேக்கு கடைசி நேரத்துலதான் மிதிப்பீங்க."

இது கேள்வி இல்லை, தீர்ப்பு. அவரைச் சுற்றி ஏழெட்டு உறவுக்காரர்கள், எல்லோரும் லாரிக்காரர்கள், வெற்றிலையோடு நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து டயரைத் தடவிவிட்டு, துக்க வீட்டில் கேட்பதுபோல் என்னிடம் தணிந்த குரலில் பேசினார்கள்.

லாரிக்காரர்களிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. முன் டயர் சீக்கிரம் தேய்ந்தால் டிரைவருக்குக் கை சரியில்லை என்று அர்த்தம். இது ஒன்று. பின்னால் ஓடிய டயர் எக்காரணம் கொண்டும் முன்னால் ஏறக் கூடாது. இது இன்னொன்று. முன் டயர் வெடித்தால் லாரி தன் இஷ்டத்துக்குப் போகும், டிரைவர் இஷ்டத்துக்குப் போகாது. அதனால் முன்னால் எப்போதும் புதுசுதான். பின் டயர் இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது, அதை முன்னால் மாட்டினால் என்ன என்று நான் கேட்டேன். மாமனார் மாமியாரைப் பார்த்து, "மாப்ளைக்கு இன்னுங் கொஞ்சம் மோர் ஊத்து" என்றார்.

முன்னால் இரண்டு புது டயர் ஏறின. அதன்பிறகு நான் ஓட்டிய ஓட்டத்தைச் சேலத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிக்னல் கண்ணில் பட்டதுமே காலை எடுத்துவிடுவேன். வளைவுகளில் மாட்டுவண்டி என்னை முந்தியது. பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஒருவர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தார். அப்படி ஓட்டியும் அடுத்த வருஷம் முன் டயர் மறுபடி மொட்டை. எனக்கே என் கை மேல் சந்தேகம் வந்துவிட்டது. சோற்றைப் பிசையும்போதுகூடக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மாமனார் வந்தார். பார்த்தார். மறுபடி இரண்டு புது டயரை முன்னால் மாட்டச் சொன்னார். பிறகு, "வண்டி கொஞ்ச நாளைக்கி நம்மூட்டுல நிக்கட்டுங்க மாப்ள. நான் ஓட்டிக் காட்டறனுங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டார். என் மனைவி, "எங்கப்பா ஓட்டுனா டயரு தேயாதுங்க" என்று உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து நான் ஆபீசுக்கு பஸ்ஸில் போனேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாமக்கல் பஸ் ஏறி, விடுதியில் சேர்த்த பிள்ளையைப் பார்க்கப் போவதுபோல் என் காரைப் பார்த்துவிட்டு வந்தேன். அவமானமாகத்தான் இருந்தது. சொந்தக் காரை ஓட்டத் தகுதியில்லாதவன் என்று மாமனார் ஊர் முழுக்கத் தெரிந்துபோனால் வேறு எப்படி இருக்கும்.

பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு வீல் அலைன்மென்ட் கடை. ஒருநாள் பஸ் வராத எரிச்சலில் அந்தக் கடைக்காரரிடம் என் கையைப் பற்றிய புகாரைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கையெல்லாம் ஒண்ணுமில்ல சார். லாரியில பின் சக்கரம் தள்ளும். உங்க கார்ல முன் சக்கரம் இழுக்கும். இழுக்கிறது, திருப்புறது, பிரேக் அடிச்சா முக்கால்வாசி பாரத்த வாங்குறது, எல்லாம் முன்னாடிதான். பின்னாடி இருக்கறது சும்மா கூட வருது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதடவை முன்னத பின்னாடியும் பின்னத முன்னாடியும் மாத்திப் போட்டா நாலும் ஒண்ணா தேயும்."

எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போலிருந்தது. உடனே மாமனாருக்கு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. நான் அவ்வளவு நல்லவன் இல்லை. அவர் கையாலேயே டயர் தேயட்டும், அதே லாரிக்காரர்கள் குனிந்து தடவட்டும், பிறகு வாயைத் திறக்கலாம் என்று காத்திருந்தேன்.

அவரும் ஓட்டித் தள்ளினார். பழனி, ஈரோடு, ஆத்தூரில் ஒரு வளைகாப்பு, திருச்செங்கோட்டில் காது குத்து. பத்திரிகை வைக்காத வீட்டுக்கும் போய்வந்தார் என்று மாமியார் சொன்னார். லாரிகளை விற்றபிறகு வாடிக் கிடந்த மனிதர் காலையில் தலைக்கு டை அடித்துக்கொண்டு கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டேன்.

பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது மாமனார் முன் சக்கரங்களை ஈரச் சாக்கால் மூடியிருந்தார். ஏனென்று கேட்டேன். "வெய்யலுங்க" என்றார். பின் சக்கரங்கள் அதே வெயிலில் அம்மணமாக நின்றன. எனக்குப் புரிந்துவிட்டது. மனசுக்குள் பட்டாசு வெடித்தது. அடுத்த வாரம் சாக்கை நாசூக்காக எடுத்துவிட்டுப் பேசுவது என்று, வசனத்தைக்கூட பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

போனபோது சாக்கை அவரே எடுத்திருந்தார். மொட்டை டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தவர், "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. அந்த வீட்டில் எனக்கு அது நடந்ததே இல்லை. எழுந்து வந்து சாவியை நீட்டினார்.

"என் கை போயிருச்சுங்க மாப்ள. லைசென்ச பீரோல வெச்சுப் பூட்டச் சொல்லீட்டனுங்க. இனி ஸ்டேரிங்கத் தொட மாட்டனுங்க."

தலையில் டை வெளுத்து நரை தெரிந்தது. சாவி என் உள்ளங்கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருந்தால் கார் என்றைக்கும் எனக்கு. கிளம்பலாமா என்று யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒத்திகை பார்த்த வசனத்தை விட்டுவிட்டு டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்தேன்.

முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினேன். முதல் கியரைப் போட்டேன். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். "பின் சக்கரத்தச் சுத்துங்க மாமா" என்றேன்.

"கியர்ல கெடக்குதே, எப்படிங்க சுத்தும்?"

"சுத்துங்க."

லாரியாக இருந்தால் அசைந்திருக்காது. அவர் ஒரு விரலால் தள்ளினார். சக்கரம் ஜாலியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி தள்ளினார். மூன்றாவது தடவை மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினார். காரெல்லாம் பொம்மை வண்டி என்று இத்தனை வருஷமாக ஒன்றின் அடியில்கூட அவர் குனிந்து பார்த்ததில்லை.

"அப்ப தள்ளறது இது இல்லீங்களா?"

"இல்லீங்க மாமா. முன்னாலதான் இழுக்குது. யார் ஓட்டுனாலும் முன்னாலதான் தேயும். உங்க கை நல்லாத்தான் இருக்குது."

தன் கைகளைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "உங்க கையுந்தானுங்களே, சாமி" என்றார்.  ஒரு டயர் விஷயத்துக்கு சாமி என்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மொட்டையைப் பின்னால் மாட்டவே கூடாது என்று அதைக் கழித்துவிட்டு, பின்னாலிருந்த இரண்டையும் லாரிச் சட்டத்தை மீறி அவரே முன்னால் ஏற்றினார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் உதடு எதையோ முணுமுணுத்தது. பின்னாலுக்குப் புது டயர் வாங்கிவந்து மாட்டி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கை கழுவிவிட்டு வந்து, அதே கையை நீட்டினார். சாவி வேண்டுமாம்.

"மொத எட்டாயிரம் நான் ஓட்டறனுங்க. மாத்திப் போட்டு அடுத்த எட்டாயிரம் நீங்க."

கோபப்படத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. பீரோவைத் திறக்கச் சொல்லி லைசென்சை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரை என்னைக் கொண்டுவந்து விட்டார். ஊர் நடுவில் இருக்கும் வளைவில் நடந்து போகிறவர்கள் எங்களை முந்தினார்கள். இவ்வளவு மெதுவாக ஏன் என்று கேட்டேன்.

"உங்க மொற வாரப்ப டயரு நல்லா இருக்கோணுமில்லீங்க" என்றார்.