மாங்காய்ப் போர்வையின் நூல்முனைகள்

கத்தரிக்கோலைத் தொடாதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்குத் தொட்டிருப்பேன். நான் செய்தது குறும்பு அல்ல, உதவி.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருமுல்லைவாயிலில் இரண்டு அறை வீடு. அப்பா பக்கத்து ஊரான பாடியில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். அதற்கு முந்தின வருடம் அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒரு தகரப் பெட்டியும் காலால் மிதிக்கும் ஒரு தையல் மிஷினுமாகப் புருஷன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மிஷின் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டது. பெட்டி அப்பாவின் கட்டிலுக்கு அடியில் போயிற்று. அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் நாட்களில், மாற்றுப் புடவை எடுக்க அவர் எழுந்திருக்கும்வரை அத்தை காத்திருப்பாள். எங்கள் வீட்டில் யாரும் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் தெருமுனைக் கடைக்குப் போவதென்றால்கூட, "அண்ணி, போய்ட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்குத் துணி தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் மெத்தைப் போர்வை தைக்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, அத்தை போய் விசாரித்துவிட்டு வந்தாள். மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவே மெல்லிய பஞ்சு. மூன்றும் நகராதபடி மிஷினில் கோலம் போல ஓட்டித் தைக்க வேண்டும். கைக்குழந்தைக்கான போர்வை ஒன்றை மாதிரிக்குத் தைத்து வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லித் துணியும் பஞ்சும் கொடுத்திருந்தார்கள்.

"நூல்முனை ஒண்ணுகூட வெளிய நீட்டிக்கினு இருக்கக் கூடாதாம் அண்ணி. கொழந்த வெரல்ல சுத்திக்குமாம்" என்று அத்தை அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்று நாளில் போர்வை உருவாயிற்று. இளமஞ்சள் துணியில் தையலாலேயே வரைந்த இருபது மாங்காய்கள். ஒவ்வொன்றையும் காம்பில் தொடங்கி, வளைத்துச் சுற்றி, அதே காம்பில் கொண்டுவந்து நிறுத்துவாள். தொடங்கிய இடத்தில் இரண்டு நூல், முடித்த இடத்தில் இரண்டு நூல். நான்கையும் பின்பக்கம் இழுத்து, ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கவிட்டிருந்தாள். போர்வையைத் திருப்பிப் பார்த்தால் அதற்குத் தாடி முளைத்தது போல இருந்தது. இத்தனை அழகாகத் தைத்துவிட்டு இதை மட்டும் மறந்துவிட்டாளே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை. எனக்குக் காலாண்டுப் பரீட்சை லீவு. அத்தை மெல்லிய ஊசி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அம்மா குழாயடியில் இருந்தாள். நான் கத்தரியை எடுத்து இருபது காம்பிலும் நூலைத் துணியோடு ஒட்டக் கத்தரித்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. வெட்டிய நூலைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அத்தை வந்ததும் வாசலுக்கே ஓடிப்போய்ச் சொன்னேன்.

அத்தை செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். போர்வையை எடுத்து ஒரு காம்பை விரலால் லேசாக நீவினாள். நான்கைந்து தையல் தானாக நழுவிக்கொண்டு வந்தது. முடிச்சிட்டு ஊசியால் உள்ளே மறைக்கத்தான் அந்த நூல்களை அவள் அவ்வளவு நீளமாக விட்டிருந்தாள்.

"இன்னாடி பண்ணிட்டே" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

குடத்தோடு வந்த அம்மா விஷயம் தெரிந்து கையை ஓங்கினாள். அத்தை குறுக்கே வந்தாள். "உடுங்க அண்ணி. அட்ச்சா நூலு நீண்டுடுமா?"

பிறகு அவள் செய்ததைப் போன்ற ஒன்றை நான் இன்றுவரை வேறெங்கும் பார்க்கவில்லை. ஒவ்வொரு காம்பிலும் இரண்டு பக்கத்துத் தையலையும் ஊசிமுனையால் ஒரு விரல் நீளம் பிரித்தாள். பிரித்த நூல் பிடிப்பதற்கு முனையாகக் கிடைத்தது. அதை முடிச்சிட்டு, ஊசியில் கோத்து, பஞ்சுக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓட்டி வெளியே எடுத்து ஒரு சுண்டு சுண்டுவாள். முடிச்சு துணிக்குள் இறங்கிவிடும். மிச்சத்தைக் கத்தரித்ததும் நூலின் வாலும் உள்ளே ஓடிவிடும்.

ஆனால் பிரித்த இடம் மொட்டையாக நின்றது. மறுபடி மிஷினில் ஓட்டினால் பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் புது ஓட்டை விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அத்தை கையால் தைத்தாள். மிஷின் விட்டுப்போன அதே ஓட்டைகளில், ஒன்றைக்கூடத் தாண்டாமல், அதே இறுக்கத்தில். தைத்த நூலின் முனைகளையும் முன்போலவே பஞ்சுக்குள் அனுப்பினாள். வெளிச்சம் நகர நகர அவளும் பாயோடு நகர்ந்தாள். மத்தியானம் சாப்பிட எழவில்லை. அம்மா தயிர்ச்சோற்றை உருட்டி அவள் வாயில் ஊட்டினாள். அப்பா வேலை முடிந்து வந்தபோது அவள் இருபதாவது மாங்காயில் இருந்தாள்.

"தனியாப் போவாத, பாப்பாவ இட்டுகினு போ" என்றார் அப்பா. ஆக, போர்வையைக் கெடுத்தவளே மறுநாள் அதற்குத் துணையாகப் பஸ் ஏறினேன்.

கம்பெனியில் மாஸ்டர் என்று ஒருவர், கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, போர்வையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். உள்ளங்கையால் தடவினார். நகத்தால் சுரண்டினார். ஒரு காம்பில் அவர் விரல் நின்றது.

"இது மிஷின் தையல் இல்லியே. கையில போட்டுகீறே?"

"ஆமா சார். நூலு அறுந்துபோச்சு."

"யாரு அறுத்தது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சார். அவசரத்துல கத்தரி பட்டுடுச்சு" என்றாள் அத்தை.

"இன்னும் எத்தினி எடத்துல?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். மூன்று இடம் சொன்னார். அதில் ஒன்று தப்பு. அது காம்பே அல்ல, வளைவில் ஓடிய மிஷின் தையல்.

"இருபது காம்பும் சார்" என்றாள் அத்தை.

அவர் நிமிர்ந்தார். பிறகு தைத்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்களைக் கூப்பிட்டுப் போர்வையைக் காட்டினார். "திங்கக்கெழம வந்துடும்மா" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை என் கையை விடாமல் பிடித்திருந்தாள். ஊசி குத்தியே அவள் விரல்நுனி சொரசொரப்பாகியிருந்தது.

ஆறு மாதம் கழித்து, மிஷினை எங்கள் ஜன்னலோரமே விட்டுவிட்டு, கூட வேலை செய்யும் ஒரு பெண்ணோடு பாடியில் அறை எடுத்துக்கொண்டு அத்தை போய்விட்டாள். அம்மா அழுதாள். நான்தான் நூலை வெட்டி அவளை விரட்டிவிட்டேன் என்று எனக்குள் பயந்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். ஒரு ஸ்டவ், இரண்டு பாய், சுவரோரம் இரண்டு பெட்டி. அவ்வளவுதான் அறை. சாயங்காலம் கடைக்குக் கிளம்பும்போது அத்தை யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்தி, என் கையளவு பெரிய பூட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். படியிறங்கியவள் திரும்பவும் ஏறிப்போய் இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி வந்தாள்.

திருட ஒன்றுமே இல்லாத அறைக்கு எதற்கு இத்தனை பெரிய பூட்டு என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நான் அவள் பின்னால் நடந்தேன்.