கம்பளித் தொப்பிக்கு இடம் விட்ட ஹெல்மெட்

வெண்டெலுக்குச் சோறு போட்டது அவருடைய மூக்கு. செகெத் ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் மிளகாய் மில்லில், அரைத்து வந்த தூளைச் சிட்டிகை எடுத்து முகர்ந்து, எது கருகியது, எதில் ஈரம் ஏறியிருக்கிறது, எது முதல் தரம் என்று பிரிப்பது அவர் வேலை. நான் அரைவை இயந்திரத்தில் நிற்பவன். அடுத்த வீட்டுக்காரனும்கூட.

அவருக்கு ஐம்பது வயது தாண்டியதும், இனி சைக்கிளில் போவதானால் தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும் என்று மனைவி எடெல்கா பிடிவாதம் பிடித்தாள். பாலிந்தின் சைக்கிள் கடைக்கு நானும் கூடப் போனேன். விலை மலிவானதைப் போட்டுப் பார்த்தார். சட்டியைக் கவிழ்த்த மாதிரி தலை வேர்த்தது. பின்னால் திருகி இறுக்குகிற ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. விலையைக் கேட்டதும் கழற்றிவிட்டார். இரண்டுக்கும் நடுவில் இருந்ததை எடுத்து, அதிலேயே ஓர் அளவு பெரிதாகக் கேட்டார்.

"தலையில ஆடுதேண்ணே," என்றான் பாலிந்த்.

"குளிருக்கு உள்ள கம்பளித் தொப்பி போட்டா ஆடாது."

"வெயில் காலத்துல?"

"வாரை இழுத்துக் கட்டிக்குவேன். கோடைக்கு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணு வாங்க எனக்கென்ன ரெண்டு தலையா?"

"உள்ள போட மெல்லிசுத் தொப்பி இருக்குண்ணே."

"ஜனவரியில வயக்காத்து அடிக்கிறப்ப நீ கடைக்குள்ள உக்காந்திருப்ப தம்பி. எங்காதுக்கு உன் மெல்லிசு பத்தாது."

எங்கள் பக்கத்தில் பூட்ஸ் வாங்கும்போது, தடித்த காலுறைக்கு இடம் விட்டு ஓர் அளவு பெரிதாக வாங்குவதுதான் வழக்கம். அதே கணக்கை அவர் தலைக்கும் போட்டார். பூட்ஸ் பெரிதானால் காலில் கொப்புளம் வரும், அவ்வளவுதான்.

இரண்டு குளிர்காலம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வருடம் செப்டம்பரில், அறுவடை நேரம். வெயில் இருந்ததால் தொப்பி போடவில்லை. வாரும் தாடைக்குக் கீழே தொளதொளவென்று தொங்கியது. டிராக்டர் சிந்திவிட்டுப் போன சேற்றில் முன்சக்கரம் வழுக்கியது. விழும்போதே ஹெல்மெட் பிடரிக்கு நகர்ந்துவிட்டது. நெற்றி தார்ச்சாலையில் மோதியது.

தையல் ஆறியது. வாசம் திரும்பவில்லை. மூக்கு நரம்பு அறுந்திருக்கலாம், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் மருத்துவர். மில்லில் அவரை மூட்டை தைக்க அனுப்பினார்கள். டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை சோதித்துப் பார்ப்போம், தேறினால் பழைய வேலை என்றார் மேலாளர் அம்மா.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து வீடு திரும்பினோம்.

"வர ஆரம்பிச்சிருச்சுடா. காலையில காபி மணந்துச்சு," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் எப்போதும் மீன் சூப். கதவைத் திறந்ததுமே, "ஆகா! சூப்பு வாசம் தெரு வரைக்கும் வருது எடெல்கா," என்றார்.

எடெல்கா மேசையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அடுப்பே பத்த வைக்கலய்யா. காஸ் தீந்துபோச்சு."

கோட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றார். "அப்ப பக்கத்து வீட்டுல இருந்து வந்திருக்கும்."

பக்கத்து வீடு என்னுடையது. நான் தனியாள். என் வீட்டுச் சாவி என் பையில் இருந்தது.

"ஹெல்மெட்டு ஆடுதுன்னு அந்தக் கடைக்காரன் சொன்னானாமே, நீ கேட்டியா?" என்றாள் எடெல்கா.

"விடுடி."

"எதய்யா விடச் சொல்ற? நீ விட்டதுல இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

திங்கட்கிழமை சோதனை மேசையில் கிண்ணங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். வெண்டெல் அந்தப் பக்கமே வரவில்லை. மேலாளர் அம்மா அழைத்து வரச் சொன்னதாக நான் போய்ச் சொன்னேன்.

"மூட்டை தைக்க ஆள் வேணும்ல? போய்ச் சொல்லு," என்றவர், அடுத்த சாக்கை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.