புள்ளியம்மா

உள்ளறையிலிருந்து டம்ளர் கட்டிலில் மோதும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. பேச்சு நின்று படுத்துவிட்ட அவள் கணவருக்கு ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் டி.வி. அந்த டி.வி.யைத்தான் அவர் கண்ணெதிரிலேயே கழற்றி வந்து, முன்னறைக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்றாள்.

பதினெட்டு வருடமாக அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறாள். விடுபட்ட ஒரு புள்ளிகூட அவளிடமிருந்து தப்பாது; அதனால் அங்கே அவளுக்குப் 'புள்ளியம்மா' என்றே பெயர். அவரைத் தனியே விட்டுப் போக முடியாமல் வீட்டிலேயே வேலை. போன வாரம் மானிட்டர் கண்ணை மூடியது. மலிவு விலையில் வாங்கிய அகல டி.வி. கைகொடுக்கும் என்று நம்பினாள். படம் பளிச்சென்றுதான் ஓடியது. எழுத்து வந்ததும் ஓரங்கள் திரைக்கு வெளியே போயின. அதைச் சரிசெய்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல். கூர்மையைக் குறைத்தால் நிழலோடு புள்ளிகளும் கரைந்தன.

அச்சக மேலாளர் நேரில் வந்துவிட்டார். நேற்று அவள் முடித்த பக்கத்தைத் திறக்கச் சொல்லி, ஒரு வரியைப் படிக்கச் சொன்னார்.

"அம்மா கதவைத் திறந்தாள்," என்று படித்தாள்.

அவர் பையிலிருந்து அதே பக்கத்தின் அச்சுப் பிரதியை எடுத்து நீட்டினார். இரண்டாவது எழுத்தின் மேல் புள்ளி இல்லை. 'அமமா.'

"இருக்கறத நீங்க படிக்கல. இருக்க வேண்டியதப் படிக்கிறீங்க," என்றார். பிறகு சிரிக்க முயன்றார். "புள்ளியம்மாவும் அமமா ஆயிட்டீங்களே."

அவள் பதறி எழுத்தைப் பெரிதாக்கினாள். பிழை இப்போது தெரிந்தது. ஆனால் திரையில் நாலு வரிக்கு மேல் நிற்கவில்லை. நாளை அச்சுக்குப் போக வேண்டிய நாவலில் இன்னும் இருநூறு பக்கம் பாக்கி. அதை வேறொருவரிடம் கொடுக்கப்போவதாக அவர் தணிந்த குரலில் சொன்னார்.

"அவரோட மருந்தே இந்த வேலையிலதான் சார் ஓடுது."

உள்ளே மறுபடி இரண்டு தட்டு. மேலாளர் அந்தப் பக்கம் பார்த்தார். "டி.வி. கேக்கறார்," என்றாள்.

"முதல்ல இந்த டி.வி.ய அவர்கிட்ட கொண்டுபோய் வைங்கம்மா. குழந்தைங்க புத்தகம் ஏதாவது வந்தா சொல்லி அனுப்பறேன். அதுல எழுத்து பெருசா இருக்கும்."

எப்போது வரும் என்று அவள் கேட்கவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படியில் திரும்பிப் பார்ப்பாரோ என்று நின்றாள். பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாள்.