கிள்ளானுக்குப் போன புழுங்கலரிசி

போன மாசியில் நான் கிள்ளானுக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே ஒரு சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் என் அண்ணனுக்குக் கால் வீங்கி, பாதம் மரத்துவிட்டது. பெரிபெரி என்றார் டாக்டர். தீட்டின வெள்ளையரிசியை விட்டுப் புழுங்கலரிசிக்கு மாறாவிட்டால் நடையே போய்விடும் என்றும் சொன்னார். அண்ணன் விடவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

நாங்கள் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தால் இருபது நிமிடம். எட்டுப் படி புழுங்கலரிசியும் பச்சைப்பயறும் கட்டிய மூட்டையை என் வீட்டுக்காரர் தூக்கி வந்து ஏற்றிவிட்டார். காலை ஏழு நாற்பது வண்டி, மூன்றாம் வகுப்பு, ஐம்பது காசு. தூரம் இருபது மைலுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். சன்னலோரம் உட்கார்ந்தால் வழியெல்லாம் ரப்பர் தோட்டம் பார்க்கலாம். நான் மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதுக்குள் இறங்கி, ரிக்‌ஷாவுக்குப் பத்துக் காசு பேசிப் போய்ச் சேர்ந்தேன்.

அண்ணன் குடியிருந்தது ஒரு கடையின் பின்னறையில். சுவரோரம் மத்தி மீன் டின், பால் டின், பிஸ்கட் டின் என்று அடுக்கி வைத்திருந்தார். பாதி நான் வாங்கிக் கொடுத்தவை. கிராணி வீட்டுக்கு வெறும் கீரையோடு போகக் கூச்சப்பட்டவள்தானே நானும்.

மூட்டையைப் பிரித்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"தோட்டத்துல கூலிங்க திங்கிற அரிசி இது. ஆபீஸ்ல தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?"

"அவங்க எல்லாம் நடக்கறாங்கண்ணே. நீங்கதான் கட்டில புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

டின்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். முதல் நாள் தட்டைத் தள்ளிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மறுபடி உலை வைத்தேன். மறுநாள் பசி தாங்காமல் சாப்பிட்டார். மூன்று நாள் தங்கப் போனவள் அங்கேயே இருந்துவிட்டேன்.

இதே காரியமாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிள்ளான் பாசாருக்குக் காலை எட்டுக்குள் போங்கள், முருங்கைக்கீரை வாடாமல் கிடைக்கும். கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள். பயறைத் தோலோடு வேகவையுங்கள். நோயாளிக்குப் பிஸ்கட் டின் வாங்கிப் போகும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முக்கியமாக, அவர்கள் கோபித்தாலும் திரும்பி வந்துவிடாதீர்கள்.

பத்தொன்பதாம் நாள் மதியம், சாப்பிட்ட தட்டைக் கழுவ அண்ணன் வெறுங்காலோடு முற்றத்துச் சிமெண்டுத் தரையில் இறங்கினார். நல்ல வெயில். சட்டென்று நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தரை சுடுது, தங்கச்சி."

நிழலுக்கு வரச் சொன்னேன். வரவில்லை, அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.