'ரிஜெக்டட்' என்று ஒரு மெயில்

வாரம் பத்து மெயிலாவது எனக்குத் திரும்பி வருகிறது. உங்களுக்கு? போன வியாழக்கிழமை காலை, அலுப்போடு அவற்றை அழித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஏழுமலை நின்றார். பக்கத்து வீட்டுக்காரர், கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர்.

"சார், ஒரு மெயிலு பாக்கணும்" என்று போனை நீட்டினார்.

அவர் மனைவி தேவகிக்கு முதுகுத்தண்டில் கட்டி. ஆபரேஷன் செய்யலாமா என்று சென்னையில் ஒரு பெரிய டாக்டரைக் கேட்கச் சொல்லி, செங்கல்பட்டு டாக்டர் மெயில் ஐடி கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் எல்லாவற்றையும் அனுப்பினாராம். ஐந்தே நிமிடத்தில் பதில்.

"ரிஜெக்டட்னு போட்டுகீது சார். முடியாதுன்ட்டாரு. வூட்ல இன்னும் சொல்லல. டாக்டரு ஊர்ல இல்லன்னு சொல்லிவெச்சிகீறேன்."

நாலு நாளாக... இதை மனதில் வைத்துக்கொண்டு பஸ் ஓட்டியிருக்கிறார்.

மெயிலைக் கடைசி வரி வரை படித்தேன். ஸ்கேன் ஃபைல்கள் அளவுக்கு மீறிப் பெரிசு. ஆஸ்பத்திரி சர்வர் உள்ளேயே விடவில்லை.

"இது டாக்டர் எழுதினதே இல்லைங்க. மெஷின் அனுப்பினது. உங்க மெயில் வந்ததே அவருக்குத் தெரியாது."

"அப்ப... அவரு வேணாம்னு சொல்லலியா?"

"இல்லை."

நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஸ்கேன்களை ஆன்லைனில் ஏற்றி, லிங்க்கை மட்டும் அனுப்பினோம். அதுவும் திரும்பியது – டாக்டரின் மெயில்பாக்ஸ் நிரம்பி வழிகிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். மூன்று பேர் மாற்றி மாற்றி இழுத்தடித்தார்கள். நாலாவதாக ஒரு நர்ஸ் வேறு ஐடி கொடுத்தார். அதற்குப் போய்விட்டது.

சனிக்கிழமை பதில் வந்தது. இரண்டே வரி. ஆபரேஷன் செய்யலாம், புதன்கிழமை அழைத்து வரவும்.

ஏழுமலை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "கீழ வேற இன்னா போட்டுகீது சார்?"

"டாக்டர் பேர்தான்."

தேவகியிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. "டாக்டரு ஊர்ல இல்லன்னப்பவே தெரியும் சார். பொய் சொன்னா இவருக்கு சோறு எறங்காது. நாலு நாளா தட்டுல அப்படியே கெடந்துச்சி. நானும் கேக்கல."

ஒரு மெயில் திரும்பி வர ஆயிரம் காரணம். ஐடியில் ஒரு புள்ளி விட்டுப்போனால் போதும். பெட்டி நிறைந்திருந்தால் போதும். ஒரு மெஷின் சொன்னதை ஒரு மனிதன் சொன்னதாக நினைத்து, ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகத் தவித்திருக்கிறார்கள்.

சொன்னது யார் என்று பார்க்காமல், எந்த 'முடியாது'வையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.