அட்டை இல்லாத நாள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில், எங்கள் லைனில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு சிவப்பு அட்டை. சூப்பர்வைசர் ராஜமாணிக்கம் சார் மேசைக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கும். போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவள் திரும்பும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருமுறை அட்டையின் கயிற்றில் மாட்டு மணி கட்டிவிட்டேன். கட்டியது யாரென்று சார் அரைநாள் தேடினார். லைனே சிரித்தது, ஹெலன் அக்காவைத் தவிர. சிரித்தால் அடக்க முடியாதாம்.

அக்கா ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறாள். காண்ட்ராக்டில் சேர்ந்தாள், இன்றும் காண்ட்ராக்ட்தான். அவள் அம்மா பொன்னேரிப் பக்கம் நடவுக்குப் போனவர். "எங்கம்மாக்கு வரப்பு மறைவாச்சும் இருந்துச்சு" என்பாள். காலை நாஷ்டாவுக்கு இட்லியும் பொடியும்தான், சாம்பாரைத் தொடமாட்டாள். தண்ணீர் வீட்டுக்குப் போய்த்தான். இப்படியே இருந்து, நீர்க்கடுப்பும் காய்ச்சலும் விடாமல் வந்தன. தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடித்துவிட்டு அட்டை இல்லாமல் எழுந்து போனால் வேலை போய்விடும்.

கார் கம்பெனி ஆட்கள் பார்வையிட வந்த அன்று, சார் அட்டையைக் கழற்றி டிராயரில் போட்டுப் பூட்டினார். வெளியாள் பார்த்தால் அசிங்கமாம். வந்தவர்கள் முன்னால் அவர் யாரையும் தடுக்க முடியாது, அன்று யார் வேண்டுமானாலும் போயிருக்கலாம். ஒருத்தியும் போகவில்லை. வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றோம்.

"ஏ பூமிகா, அட்ட எங்கடி?" என்றாள் அக்கா.

"சார் பூட்டி வச்சிக்கினாருக்கா."

"அப்ப யாரு போனது?"

"யாருமே போலக்கா."

"அட்டைய பூட்டுனா நம்மளயுமாடி பூட்டிட்டாரு?"

ஒயரை வைத்துவிட்டு, வந்தவர்கள் நடுவிலேயே நடந்தாள். சார் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார், வேறென்ன செய்வார்? அவள் ஒயரையும் நானே கட்டினேன். அவள் வந்ததும் அடுத்திருந்த சோனியா போனாள். பிறகு ஒவ்வொருத்தியாக.

மறுநாள் அட்டை ஆணிக்குத் திரும்பிவிட்டது. அக்கா வேனிலேயே அரை பாட்டில் தண்ணீர் குடித்திருந்தாள். அட்டையைத் தொடாமல் தாண்டிப் போனாள்.

"ஹெலன், கார்டு?"

"நேத்து இல்லாமதான சார் போனோம். லைன் நின்னுச்சா?"

திரும்பி வந்ததும் சார் அவளைக் கேபினுக்குள் கூப்பிட்டார். எங்கள் கை ஓடியது, கண் கண்ணாடிக் கதவில் இருந்தது. சிவப்பு போக வேண்டிய இடத்தில் பச்சை ஒயரைச் செருகினேன். பிடுங்கினேன். மறுபடியும் பச்சையையே செருகினேன்.

வெளியே வந்தாள்.

"இன்னாக்கா சொன்னாரு?"

"இனிமே கேக்காம போமாட்டேன்னு எழுதிக் குடுக்கணுமாம். எனக்கு எழுத வராதுன்ட்டேன்."

"சர்ச் போர்டுல வசனம் எழுதறதே நீதானக்கா!"

"அது கர்த்தருக்கு. இவருக்கு வராது." சிரிக்கப் பார்த்தாள். "நாளைக்கு எழுதியாந்தாதான் கேட்டுல உடுவாங்களாம்."

"எழுதுவியா?"

"நான் ஒருத்தி எழுதலன்னா வூட்டுக்குப் போவேன். நாப்பது பேரும் தண்ணி குடிச்சிட்டு வந்து எழுந்தா இன்னாடி பண்ணுவாரு?"

சோனியா நாளைவரை காத்திருக்கவில்லை. பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்துவிட்டு, என் பக்கம் நீட்டினாள்.